இரண்டாவது கையெழுத்து

“என்னை நம்பலைன்னா நேராவே சொல்லிடுங்க சிஸ்டர்,” என்றாள் நாகஜோதி.

ஜெசிந்தா, மருந்துக் கணக்குப் போட்ட தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். “உங்க கணக்கைப் போடுங்கக்கா.”

அவ்வளவுதான் பதில்.

நாகஜோதிக்கு வயது நாற்பத்தெட்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவள். ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனால் புற்றுநோய்ப் பிரிவில் அவள்தான் குரு. மூன்று மாதம் அவளிடம் பழகி, அவள் ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தால்தான் நாகஜோதி இங்கே நிலைக்க முடியும். இல்லாவிட்டால் பழைய வார்டுக்கே திரும்ப வேண்டும். எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தவளுக்கு அது பெரிய தலைகுனிவு.

கீமோ மருந்து ஏற்றும் முன், நோயாளியின் உயரம், எடையை வைத்து மருந்தின் அளவை இரண்டு நர்ஸ்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி கணக்குப் போடுவாள், இன்னொருத்தி எட்டிப் பார்த்துத் தலையாட்டுவாள் என்றுதான் நாகஜோதி நினைத்திருந்தாள்.

ஜெசிந்தாவிடம் அது நடக்காது. தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, மற்றவளைத் தனியாகப் போடச் சொல்வாள். பிறகுதான் இரண்டையும் திருப்புவாள்.

பிட் அடிப்பவளைப் பரீட்சை ஹாலில் நடத்துவது போல இருந்தது நாகஜோதிக்கு.

போதாததற்கு அந்தத் தாள்.

ஜெசிந்தாவின் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடும் முன் அதைத் தொட்டுப் பார்ப்பாள். சில நாள் எடுத்துப் படிப்பாள். நாகஜோதி பக்கத்தில் வந்தால் மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

என் தப்பையெல்லாம் குறித்து வைக்கிறாள், நேரே மேட்ரனிடம் போகப் போகிறது என்று நாகஜோதி முடிவு கட்டினாள்.

அன்றிலிருந்து அவளும் சந்தேகப்பட ஆரம்பித்தாள். ஜெசிந்தா எழுதிய ஒவ்வொரு எண்ணையும் குடைந்தாள். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை இதுதான். அவள் ஒரு தப்புக்காக ஏங்கினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காய்கறி விற்கும் குருவம்மா நான்காவது கீமோவுக்கு வந்தாள். ஜெசிந்தா எடை பார்த்தாள்.

“நாப்பத்திரெண்டு. போன தடவை இருந்த அதே எடை. ஒழுங்காச் சாப்பிட்டிருக்கீங்க,” என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஜெசிந்தாவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். நாகஜோதி அந்தச் சந்தோஷத்தையும் நம்பவில்லை. குருவம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒரு தடவை எடை பாக்கறேன்.”

“இப்பத்தானே பாத்தேன்?”

“நீங்க பாத்ததை நான் நம்பணுமா?”

“நம்பச் சொன்னேனா?” என்று ஜெசிந்தா நகர்ந்து வழிவிட்டாள்.

மெஷின் மறுபடியும் நாற்பத்திரண்டுதான் காட்டியது. நாகஜோதிக்கு முகம் சுருங்கிப்போனது. இறங்கும்போது தடுமாறிய குருவம்மாவை இடுப்பில் கை கொடுத்துப் பிடித்தாள்.

கையில் இரும்பு தட்டுப்பட்டது.

சேலைக்குள், இடுப்பின் இரண்டு பக்கமும், துணியில் சுற்றிக் கட்டியிருந்தாள். தராசில் வைக்கும் இரண்டு கிலோ எடைக்கல், பக்கத்துக்கு ஒன்று.

“எதுக்கும்மா இது?”

குருவம்மா தலையைத் தூக்கவில்லை. “எடை கொறஞ்சுபோச்சுன்னு முன்னாடி ரெண்டு தடவ தள்ளிப் போட்டாக தாயி. அதுக்காக நோய் ஓரமா நின்னு காத்திருக்குமா?”



நாகஜோதி கற்களை அவிழ்த்து மேசை மேல் வைத்தாள். மெஷின் முப்பத்தெட்டு காட்டியது. கல்லையும் சேர்த்துக் கணக்கிட்ட மருந்து அந்த உடம்புக்கு அதிகம்.

ஜெசிந்தா டாக்டரை அழைத்தாள். அவர் கற்களைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் குருவம்மாவையும் பார்த்தார். அளவைக் குறைத்து இன்றைக்கே ஏற்றலாம் என்றார்.

இரண்டு பேரும் தனித்தனியாகப் புதுக்கணக்குப் போட்டார்கள். சீட்டுகளைத் திருப்பியபோது இரண்டிலும் ஒரே அளவு இருந்தது.

மருந்து சொட்டத் தொடங்கிய பிறகு நாகஜோதி வாயைத் திறந்தாள். “இன்னைக்குத் தப்பு உங்களோடது சிஸ்டர். அதையும் அந்தத் தாள்ல எழுதுவீங்களா?”

“எந்தத் தாள்?”

“என் தப்பெல்லாம் குறிச்சு வச்சிருக்கீங்களே, பையில.”

ஜெசிந்தா பைக்குள் கையை விட்டாள். பிறகு தாளை எடுத்து நீட்டினாள்.

நாகஜோதியின் பெயர் அதில் எங்கும் இல்லை. அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டு ஒன்றின் நகல். மருந்தின் அளவைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கீழே இரண்டு கையெழுத்து. முதலாவது ஜெசிந்தாவுடையது.

“இந்த நோயாளி இப்ப?”

ஜெசிந்தா இல்லை என்று தலையை அசைத்தாள்.

நாகஜோதி தாளின் அடியில் விரலை வைத்தாள். “ரெண்டாவது கையெழுத்து யாரோடது?”

“என் சிநேகிதியோடது. ஒண்ணாப் படிச்சோம், ஒரே ரூம்ல இருந்தோம்.” ஜெசிந்தா தாளை வாங்கி நாலாக மடித்தாள். “நான் போட்ட கணக்கை அவ திருப்பிப் போட்டுக்கூடப் பாக்கலக்கா. என் மேல அவ்வளவு நம்பிக்கை.”