ஈயக்குண்டுக்குக் காகிதச் சட்டை

"அண்ணாச்சி, துப்பாக்கிக் குண்டுக்கு எப்பவாச்சும் சட்டை போட்டு விட்டிருக்கீயளா?"

நான் இப்படிக் கேட்டதும், பீடிக்கடைச் செக்கர் பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் கட்டைவிரல் என் பீடிக்கட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எனக்கு அதுதான் வேண்டும். அந்த விரல் ஒரு அமுக்கு அமுக்கினால் என் பாடு முடிந்தது. என் கைப்பிள்ளை தம்பிக்குப் பல் முளைக்கிற நேரம். அழுதவனை, இப்போது அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து வைத்திருக்கிற மாதிரியே, மடியில் போட்டுக்கொண்டு சுற்றின கட்டு அது. தொட்டால் தூள் கொட்டும். இன்னொரு தடவை தளர்வாகக் கொண்டுவந்தால் உனக்குப் பீடி இலை கிடையாது என்று போன வாரமே சொல்லிவிட்டார். இலை தராவிட்டால் எனக்கு வேலை கிடையாது. ஆனால் நாலு மணி லாரி மட்டும் வந்துவிட்டால், பார்த்த கட்டு, பார்க்காத கட்டு எல்லாம் ஒன்றாகக் கூடையில் விழுந்து வண்டி ஏறிவிடும். அதுவரைக்கும் அந்த விரலை நிறுத்திவைக்க வேண்டும்.

"குண்டுக்குச் சட்டையா?" என்றார் அண்ணாச்சி.

"காகிதச் சட்டை. எங்க மாமனார் எஸ்டேட்டுல வாச்சரா இருந்தாருல்லா? அவருக்கு லைசென்ஸோட ஒரு பழைய ரைபிள் உண்டு. வாய் பெருசுன்னா பெருசு, அப்படி ஒரு பெருசு. நான் கல்யாணமாகி வந்தப்போ அதுக்குள்ள ரெண்டு குடையும் ஒரு பூனையும் இருந்துச்சு. பூனை அதுக்குள்ளேயே குட்டி போட்டு, அந்தக் குட்டிக்கு வழி தெரியாம ரெண்டு நாளு அலைஞ்சுச்சு."

எனக்குப் பின்னால் நின்ற வேலுத்தாய் மைனி சுளகை இடுப்புக்கு மாற்றினாள். "ஆரம்பிச்சிட்டா. அண்ணாச்சி, அவ கட்டைப் பாத்து அனுப்புங்க. எனக்கு வீட்டுல உலை கொதிக்கு."

"இரு மைனி. குண்டு என்ன ஆச்சுன்னு கேக்க வேண்டாமா? மாமனார் ஈயத்தைக் காய்ச்சி எங்க பணியாரச் சட்டியிலதான் ஊத்துவாரு. குண்டு பணியாரம் அளவுக்குத்தான் வரும். குழலோ கிணறு மாதிரி. உள்ள போட்டா கடகடன்னு உருளும். எங்க கடலைக் காட்டுக்குள்ள பன்னி வந்துச்சு. சுடலாமுன்னு துப்பாக்கியைச் சாய்ச்சாரு பாருங்க, குண்டு உருண்டு வந்து அவரு காலு மேலேயே விழுந்துச்சு. பன்னி சிரிச்ச சிரிப்புல அதுக்கு விக்கலே வந்துட்டு. மாமனாருதான் தண்ணி குடுத்தாரு."

மைனிக்கு அடுத்து வரிசையில் நின்ற இசக்கியம்மா சித்தி சாக்கின்மேல் வசதியாக உட்கார்ந்தாள். "பாவம், பன்னி."

"அப்பத்தான் நான் சொன்னேன், மாமா, குண்டை இங்க கொண்டாங்கன்னு. குழலுக்குள்ள முறுக்கு அச்சுல இருக்க மாதிரி வரி போட்டிருப்பான். குண்டு அந்த வரியைக் கவ்விப் பிடிச்சாத்தான் சுத்திக்கிட்டே நேராப் போவும். ஒல்லிக் குண்டு எங்க கவ்வும்? அதனால மெலிசா ஒரு தாளை நனைச்சு ரெண்டு சுத்து சுத்தணும். விளிம்பும் விளிம்பும் தொட்டுக்கிடணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறப்படாது. அடியில வாலைத் திருகிக் காயவச்சா, தாளு சுருங்கிக் கிச்சுன்னு பிடிச்சுக்கிடும். நான் சுத்துன சுத்துல அந்த ஈயக்குண்டு மூச்சு முட்டி இருமுச்சு அண்ணாச்சி. கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளத்தி விட்ட பிறகுதான் அடங்குச்சு."

"பீடி சுத்துத கை. சுத்தும்" என்றார் அண்ணாச்சி. விரல் ஒரு நூல் கீழே இறங்கியது.

"ஆனா தாளுதான் வினை!" என்று சத்தமாகச் சொன்னேன். விரல் நின்றது. "மொதல்ல நான் கிழிச்சுச் சுத்துனது தேதி காலண்டர் தாளு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுல அவுக குறி பாத்துச் சுட்டாக. சத்தம் இல்ல, புகை இல்ல. மணி நாலரை தாண்டிட்டு, ராகுகாலம். குண்டு வெளிய வர மாட்டேன்னுட்டு. துப்பாக்கியைச் சுவத்துல சாத்திட்டு அவுக காப்பி குடிச்சாக, பன்னி கடலை தின்னுச்சு. ஆறு மணி அடிச்சதும் பாருங்க, டுமீல்! கூரையில ஓட்டை. இன்னைக்கும் எங்க வீட்டுக்குள்ள நிலா வெளிச்சம் அது வழியாத்தான் வருது."

"குண்டுக்கு வாசிக்கத் தெரியுமாட்டி?" என்றாள் மைனி.

"அதுக்கு எங்க தெரியும்? தாளு படிச்சுச் சொல்லிருக்கும். சரி, காலண்டர் வேண்டாமுன்னு டவுன் பஸ் டிக்கெட்டை ஒட்டிச் சுத்துனேன். பொம்பளையளுக்குக் குடுக்குத ஓசி டிக்கெட்டு. குண்டு ஊர்க்கிணத்துக்கிட்ட ஒரு நிப்பு, பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒரு நிப்புன்னு, நின்னு நின்னு போச்சு. குண்டு போய்ச் சேருறதுக்குள்ள பன்னி தின்னு முடிச்சு வாயைத் துடைச்சுட்டு. அடுத்தாப்புல எங்க நாத்தனா கல்யாணப் பத்திரிகை. நல்ல வழவழன்னு தாளு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினது. குண்டு நேராப் போயி பன்னி காலடியில மரியாதையா விழுந்துச்சு. முகூர்த்தத்தன்னைக்கு அந்தப் பன்னி பெண்டாட்டி பிள்ளையளோட வந்து மொதப் பந்தியில உக்காந்துட்டு!"

அண்ணாச்சி என் கட்டைத் தரையில் வைத்தேவிட்டார். "இலையிலயா சாப்பிட்டுச்சு?"

"இலையையும் சேத்துத்தான் சாப்பிட்டுச்சு."

சித்தி சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சாக்கு சரிந்தது. அந்த நேரம் பார்த்து என் மடியிலிருந்த தம்பி இறங்கித் தவழ்ந்து, என் கட்டின் நூலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் சிதறிவிடும். ஒரு கையால் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் நூலை அவன் வாயிலிருந்து பிடுங்கினேன். வாய் மட்டும் நிற்கவில்லை.

"நூலுன்னதும் ஞாபகம் வருது அண்ணாச்சி. இனிமேத்தான் கதையே. வீட்டுல ஒரு தாளும் மிச்சமில்ல. கட்டுக்கு ஒட்டுத லேபிள் தாளுதான் கெடந்துச்சு. எடுத்துச் சுத்துனேன். பழக்க தோசம் பாருங்க, பீடிக்குப் போடுத மாதிரியே சுத்துன கையோட வாயை மடக்கி, கழுத்துல நூலையும் போட்டுட்டேன். போட்ட நூலை அறுக்க மறந்துட்டேன்! நூல்கண்டு என் மடியில. இது தெரியாம அவுக சுட்டுட்டாக."

"ஐயோ" என்றாள் சித்தி.

"கண்டு கிர்ர்ருன்னு சுத்துது. குண்டு பன்னியைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, மலையேறி அந்தப் பக்கம் இறங்கிட்டு. கேரளாவுல யாரோ மலையாளத்துல வையிதது நூலு வழியாக் கேக்கு. கண்டு தீந்து நூலு விறைச்சு நின்னுச்சு. நல்ல நூலை விட மனசு வருமா? வலிச்சேன். மொதல்ல எங்க பன்னி வந்துச்சு. அது வாலைப் பிடிச்சுக்கிட்டு அதோட மச்சான் பன்னி. அதுக்குப் பின்னால ஒரு யானை. இன்னும் கனமா இருக்கேன்னு சுவத்துல காலை உதைச்சு ஒரு வலி வலிச்சேன் பாருங்க, மலையே கிளம்பி எங்க வீட்டு முத்தத்துக்கு வந்துட்டு!"

வேலுத்தாய் மைனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மலை வந்துச்சாக்கும்! நூலு அறுந்து போகலையோ?"

"மலை வேணுமுன்னா அறும் மைனி. நான் சுத்துன சுத்து அவுறுமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணாச்சியின் கண் மெல்ல என் கட்டுப் பக்கம் போனது. கை அதை எடுத்தது. விரல் எழும்பியது.

"ஆனா நீ சொன்ன மலை இப்பவும் அங்கனதான நிக்குது?" என்றார்.

"நான்தான் திரும்ப விட்டேன்" என்றேன் அவசரமாக. "மலையை முத்தத்துல நிறுத்திவச்சுக்கிட்டு நான் பிள்ளைத் துணியை எங்க காயப்போட?"

அப்போது கேட்டது பாருங்கள், வாசலில் லாரி ஹாரன்!

கோயில் மணி கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. அண்ணாச்சி என் கட்டை அமுக்காமலே கூடையில் போட்டார். "தூக்குங்க, தூக்குங்க" என்று எல்லாரையும் விரட்டினார். எனக்கு உடனே இலையும் நிறுத்துப் போட்டார். நான் தம்பியின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வாசலை அடைத்துக்கொண்டு லாரிக்கார சவரிமுத்து அண்ணன் நின்றார். வாய் திறந்தபடி இருந்தது.

"வண்டியை நிறுத்தும்போதே காதுல விழுந்துச்சு. எந்த மலையைத் தங்கச்சி முத்தத்துல நிறுத்துன?"

"அது ஒண்ணுமில்லண்ணே. பெரிய கதை."

"பெரிய கதைன்னா இன்னும் நல்லது. மொதல்ல இருந்து சொல்லு. கேட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, தலைத்துண்டை உதறி விரித்து, சித்தி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நேரம் கெடக்கு" என்றார் அண்ணாச்சி.

கூடையில் மேலாகக் கிடந்தது என் கட்டுதான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ பூனைக்குட்டியில இருந்து சொல்லு பேச்சி. காது கேட்டுக்கிட்டு இருக்கட்டும், கை அது பாட்டுக்குப் பாக்கட்டும்."

வேலுத்தாய் மைனி, வீட்டில் உலை கொதிக்கிறது என்றவள், சுளகை இறக்கி வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சிரித்தாள். அண்ணாச்சியின் கட்டைவிரல் மேலே போனது.

"சவரிமுத்தண்ணே," என்றேன், "கதை எங்கயும் ஓடிறாது. ஒரே ஓட்டமா ஓடிப்போயி அந்த ஹாரனை இன்னும் ஒரு தடவை அடிச்சிட்டு வாங்களேன்!"