நாற்பத்தெட்டாம் நாள் காலை

தாமரைக் குளத்தங்கரையில் ஒரு கல்லூரி இருந்தது. பறவைகளும் விலங்குகளும் அங்கே ஒன்றாகப் படித்தன. வகுப்புக்கு முன்னால் அவரவர் சாமியைக் கும்பிடுவது வழக்கம். கொக்குகள் சூரியனைக் கும்பிடும். முயல்கள் பூமியைக் கும்பிடும். கண்ணை மூடி, மண்ணில் நெற்றியை வைத்துக் கிடக்கும்.

கொக்குகளுக்கு ஒரு விரதம் உண்டு. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சூரியன் பனை உச்சிக்கு வரும்வரை ஒற்றைக் காலில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். முடித்தால் காலில் தாமரைநூல் கட்டுவார்கள். நடுவில் ஒரு சத்தம் போட்டாலும் எல்லாம் வீண்.

முதல் வருஷம் படிக்கும் நீலவேணிக் கொக்குக்கு அந்த நூல்மேல் அவ்வளவு ஆசை. காய்ச்சலில்கூட விடாமல் நின்றாள். அன்று நாற்பத்தெட்டாம் நாள். சூரியன் பாதிப் பனை ஏறிவிட்டது.

அப்போது புல் அசைந்தது. நரி! கரையில் கும்பிட்டுக்கொண்டிருந்த சிட்டான் முயலை நோக்கி, வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்தது. சிட்டான் கண்ணைத் திறக்கவே இல்லை.

நீலவேணி மற்ற கொக்குகளைப் பார்த்தாள். அவையும் நரியைப் பார்த்தன. பார்த்துவிட்டுச் சூரியன் பக்கம் திரும்பிக்கொண்டன.

‘இன்னும் கொஞ்ச நேரம்தானே’ என்று அவளும் திரும்பினாள். ஆனால் மறுகணமே கரைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“சிட்டான், ஓடு! நரி!”

சிட்டான் துள்ளி வளைக்குள் பாய்ந்தான். நரிக்குக் கொஞ்சம் வால்மயிர்தான் கிடைத்தது. துப்பிவிட்டுப் போனது.

சூரியன் பனை உச்சியைத் தொட்டதும் மூத்த மாணவன் பரிதிக் கொக்கு சீறினான்.

“கெடுத்துட்டியே! அத்தனை நாளும் போச்சு! அவன் நம்ம கூட்டமா?”

“நரி எந்தக் கூட்டம்னு கேட்டுட்டுத்தான் கடிக்குமா, அண்ணா?”

“வாயைப் பாரு! விரதத்தைவிட ஒரு முயல் பெருசா?”

“நீங்களும் நரியைப் பார்த்தீங்கதானே?”

கொக்குகள் மறுபடியும் சூரியன் பக்கம் திரும்பிக்கொண்டன.

“விரதம்தான் முடிஞ்சிருச்சே. இப்பவும் ஏன் பேச மாட்டேங்கிறீங்க?”

பரிதி தலையைக் குனிந்துகொண்டான்.

சிட்டான் வளையிலிருந்து எட்டிப் பார்த்தான். “என்னாலதானே உன் விரதம் போச்சு, நீலா!”

“போகட்டும்டா. நாளைக்கு மறுபடியும் ஒண்ணாம் நாள்னு நிப்பேன். நரி வந்தா மறுபடியும் கத்துவேன்!”

எந்தக் கூட்டத்தோடு நின்று சாமி கும்பிட்டாலும், பக்கத்தில் ஓர் உயிர் தவிக்கும்போது அதற்காக வாய் திறப்பவரே நல்லவர்.