அடித்துவிட்ட ஏழு அளவுகள்

மின்சாரம் போனதும் மாவு மில்லின் இயந்திரம் நின்றுவிட்டது. அதன் சத்தத்துக்கு மேலே உயர்த்திப் பேசிக்கொண்டிருந்த ஒரு குரல் மட்டும் நிற்காமல் ஒரு வாக்கியம் கூடுதலாக ஓடியது.

"நீச்சல் தெரிஞ்ச பையன் நெஞ்சளவுத் தண்ணியில சாவானா? அவனாப் போயிருந்தாத்தான் உண்டு."

மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் மாரப்பன் உட்கார்ந்திருந்தது பேசியவருக்குத் தெரியாது. அந்தப் பையன் மாரப்பனின் மகன். பெயர் பூபதி, வயது இருபத்து நான்கு. ஆற்றில் தடுப்பணைக்குக் கீழே குளிக்கப் போனவன் நான்கு மணி நேரம் கழித்து, அணைச் சுவரை ஒட்டிய நுரையில் கிடைத்தான். இரண்டு மாதம் ஆகிறது.

மாரப்பன் அரைக்கக் கொண்டுவந்த ராகியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

வேதநாயகி அங்கே இயற்பியல் ஆசிரியை. பூபதிக்குப் பாடம் எடுத்தவர். மாரப்பனைவிட இருபத்தைந்து வயது இளையவர்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணும்."

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"நல்லா நீந்தறவன் அந்தச் சுவத்துக்குக் கீழ சிக்குனா, ஏன் வெளிய வர முடியறதில்லீங்க?"

வேதநாயகி கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"புஸ்தகத்துல ஒரு பதில் இருக்குதுங்க. சொன்னா நம்புவீங்களா?"

"நம்போணும்னுதான் பாக்கறேன்."

"அப்ப வேண்டாம். கட்டிப் பாக்கலாம்."

மீன் தொட்டி செய்பவரிடம் கண்ணாடி வாங்கினார்கள். பழைய ஏர்கூலரிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றினார்கள். பள்ளியின் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மேசை கிடந்தது. அதன் மேல் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் கால்வாய் உருவானது. நடுவில் தேக்குப் பலகையில் ஒரு சின்னச் சுவர்.

மாரப்பன் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். முப்பத்தொரு வருடம் காலை ஆறு மணிக்கு அணைக்குப் போய், அளவுகோலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிய கை அவருடையது.

"அன்னிக்குச் சுவத்துக்கு மேல எவ்வளவு போச்சுங்க?"

"ஒண்ணேகால் அடி. ஆபீஸ்ல போய்ப் பதிவேட்டைப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"சுவர் உயரம்?"

"அஞ்சடி."

"நாம இருபதுல ஒண்ணாக் கட்டறோம். சுவர் மூணு அங்குலம். மேல போற தண்ணி முக்கால் அங்குலம். துளிகூடக் கூடக் கூடாது, குறையக் கூடாது."

முக்கால் அங்குலத்தை நிலையாக நிறுத்த நான்கு நாள் ஆனது. ஒரு நாள் ஓரத்தில் பசை விட்டுப்போய்த் தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது.

"முப்பத்தொரு வருசம் ஒரு அணையவே பாத்துக்கிட்டீங்க. ஒரு தொட்டி ஒழுகுதுங்களே."

"அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க டீச்சர்."

அந்த இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஐந்தாம் நாள் வேதநாயகி ஒரு சொட்டு மை விட்டார். சுவரைத் தாண்டி விழுந்த தண்ணீர் அடி வழியாக வெளியே ஓடியது. மேல் தண்ணீர் மட்டும் திரும்பிச் சுவரை நோக்கி வந்தது. வந்து, விழுகிற தண்ணீருக்கு அடியில் புகுந்து, மறுபடியும் மேலே வந்தது.

மாரப்பன் ஒரு விரலை அதில் வைத்தார். விரல் சுவர்ப் பக்கமாக இழுபட்டது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

பிறகு குப்பிகள். ஹோமியோபதி மாத்திரை வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் ஒவ்வொரு மணல் துகளாகப் போட்டு, மூடியின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி மிதக்கவிட்டார் மாரப்பன். நீந்துகிற ஆளின் தலை போல. இன்னொன்றில் ஒரு சிட்டிகை மணல் அதிகம். அது மூழ்கியது.

"எத்தனை தடவை போடறதுங்க டீச்சர்?"

"மெதக்கறது அம்பது. மூழ்கறது அம்பது."

"ஒரு தடவை போட்டாத் தெரியாதுங்களா?"

"ஒரு நாள் மட்டம் பாத்தா ஆத்தைப் பத்தித் தெரிஞ்சிருமா?"

மாரப்பன் ஒரு நீளமான நோட்டு வாங்கிவந்தார். பிள்ளைகள் எழுதுவது போலவே நோக்கம், கருவிகள், செய்முறை, அளவுகள் என்று தலைப்புப் போட்டார். கடைசிப் பக்கத்தில் முடிவு என்று எழுதி, கீழே இடம் விட்டார்.

சனி, ஞாயிறுகளில் காலையிலேயே வந்துவிடுவார். குப்பியைச் சுவருக்குக் கீழே போடுவார். நிறுத்து கடிகாரத்தை அழுத்துவார். குப்பி வெளியே போனால் எத்தனை வினாடி என்று எழுதுவார். ஐந்து நிமிடம் ஆகியும் போகாவிட்டால், 'நின்றது' என்று எழுதிவிட்டுக் கையால் எடுப்பார்.

பள்ளிக் காவலாளி ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க லஸ்கரய்யா, தொட்டி வெச்சிருக்கீங்க, மீனைக் காணோம்?"

"போயிருச்சுங்க," என்றார் மாரப்பன்.

மூன்றாம் வாரம் மிதக்கும் குப்பி முடிந்தது. ஐம்பதில் நாற்பத்தொன்று ஐந்து நிமிடமும் நின்றிருந்தது. சுவரிடம் போவதும் மூழ்குவதும் மேலே வருவதும் மறுபடி சுவரிடம் போவதுமாகச் சுற்றியது.

"டீச்சர், தொட்டியில அஞ்சு நிமிசம்னா ஆத்துல எவ்வளவுங்க?"

"ஏறக்குறைய நாலரையால பெருக்கணும்."

நோட்டின் ஓரத்தில் பெருக்கினார். இருபத்திரண்டரை என்று வந்தது. பென்சில் அந்த எண்ணின் மேலேயே நின்றது.

"அது குப்பிக்குங்க," என்றார் வேதநாயகி.

"குப்பிக்குத்தானுங்க."

அதற்கு மேல் அன்று ஒன்றும் போடவில்லை.

மூழ்கும் குப்பிக்கு இன்னும் இரண்டு வாரம். கடைசி ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"முடிஞ்சுதுங்க டீச்சர்."

"என்ன தெரிஞ்சுது?"

"மெதக்கறது சிக்கிக்குது. மூழ்கறது அடியில ஓடி வெளிய போயிருது. சாகோணும்னு எறங்கறவன் கையக் கால அடிச்சிருக்க மாட்டான். மூழ்கியிருப்பான். மூழ்கியிருந்தாக் கீழ போயிருப்பான். எம் பையன் நுரையிலயே கெடந்தான். அப்படின்னா அவன் மெதக்கத்தான் பாத்திருக்கான். வெளிய வரத்தான் பாத்திருக்கான்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"முடிவுங்கற எடத்துல இதை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ராசாமணிகிட்டக் காட்டோணும். அவ தூங்கறதில்லீங்க. எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, வேணும்னே போயிட்டானாங்கன்னு என்னையக் கேக்கறா."

ராசாமணி அவருடைய மனைவி.

வேதநாயகி நோட்டைப் புரட்டினார். மூழ்கும் குப்பியின் அளவுகள் வரிசையாக இருந்தன. மூன்று வினாடி. நான்கு வினாடி. மூன்று. ஐந்து. நடுநடுவே சில வரிகளைக் கருப்புப் பேனாவால் அடித்திருந்தது. உள்ளே இருந்த எண்ணைப் படிக்க முடியவில்லை. ஓரிடத்தில் தாளே கிழிந்திருந்தது.

அவர் எண்ணினார்.

"இந்த ஏழு?"

"அது தப்பா விழுந்ததுங்க."

"எப்படித் தப்பா?"

"கை தவறிப்போச்சு."

"ஏழு தடவையுமா?"

மாரப்பன் தொட்டியைப் பார்த்தார்.

"மூழ்குன குப்பிதானுங்களே? அதுவும் வெளிய போகாம நின்னுதா?"

"நின்னுதுங்க," என்றார் மெதுவாக. "நாலு நின்னுது. மூணு சுத்திட்டு லேட்டாப் போச்சு. அம்பதுல ஏழுதானுங்க டீச்சர்."

"ஆமாங்க. ஏழுதான்."

"நாப்பத்து மூணு உடனே போயிருக்குதுங்களே?"

"போயிருக்குது."

"அப்புறம் என்னங்க?"

அடித்த வரிகளின் மேல் வேதநாயகி விரலை வைத்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாரப்பனே போய் அதை நிறுத்தினார். தண்ணீர் சுவருக்கு இரண்டு பக்கமும் அடங்கியது.

"அன்னிக்குக் காலையில," என்றார் அவர், முதுகைக் காட்டியபடியே, "சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். திருப்பூர்ல வேலை போய் ரெண்டு மாசமா வீட்டுல இருந்தான். நான் சொன்னேன். நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்னு. வேற எதுவும் சொல்லலீங்க. அவனும் ஒண்ணும் சொல்லல. தட்டைக் கழுவி வெச்சான். துண்டை எடுத்துக்கிட்டுப் போனான்."

தொட்டியின் விளிம்பைத் துடைத்தபடி, "வீட்டுல தெரியாதுங்க," என்றார்.

வேதநாயகி நோட்டை மூடி மேசையில் வைத்தார்.

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் டீச்சர். யாருக்கு என்ன நட்டம்?"

"உங்க பையன் பிளஸ் டூ படிச்சப்ப ஊசல் சோதனை பண்ணுனான்," என்றார் வேதநாயகி. "ஒரு மேசைக்கு நாலு பேர். ஒம்பது புள்ளி எட்டுன்னு விடை வரணும். மூணு பேருக்கு அப்படியே வந்துச்சு. அவங்க புஸ்தகத்தைப் பாத்து எழுதுனது எனக்குத் தெரியும். பூபதிக்கு எட்டு புள்ளி ஒண்ணு."

மாரப்பன் திரும்பினார்.

"பக்கத்துல பாத்து மாத்திக்கடான்னேன். எனக்கு இதுதான் டீச்சர் வந்துச்சுன்னான். மாத்துனா முழு மார்க்குன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அப்புறம் சொன்னான், எங்கப்பா கோல்ல என்ன தெரியுதோ அதைத்தான் எழுதுவாரு டீச்சர்னு."

"அப்படியா சொன்னான்?"

"ஆமாங்க."

"எங்கிட்ட அவன் அதிகம் பேசமாட்டானுங்க."

வேதநாயகி தலையசைத்தார்.

"நீங்க என்ன பண்ணுனீங்க டீச்சர்?"

"ரெண்டு மார்க் கொறைச்சேன்."

வெளியே யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைந்தது.

மாரப்பன் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். அடித்த வரிகளுக்குப் பக்கத்தில், ஓரமாக, ஒவ்வொன்றாக எழுதினார். இரண்டு நிமிடம் ஐந்து வினாடி. நின்றது. நான்கு நிமிடம் பதினேழு. நின்றது. நின்றது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு. நின்றது. எதையும் பார்த்து எழுதவில்லை. ஏழும் அவருக்கு மனப்பாடமாக இருந்தன.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இங்க என்னங்க எழுதட்டும்?"

வேதநாயகி நோட்டை அவர் பக்கமே தள்ளினார். மாரப்பன் மறுபடி கேட்கவில்லை. 'இதிலிருந்து சொல்ல முடியவில்லை' என்று எழுதினார். வேதநாயகி அதன் கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

மாரப்பன் வீட்டுக்குப் போனபோது ராசாமணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினார். நூறு அளவுகளையும் படித்தார். ஓரத்தில் எழுதியிருந்ததையும் படித்தார். படித்து முடிக்கையில் வெயில் சமையலறையை விட்டுப் போயிருந்தது.

பிறகு நோட்டை மூடிவிட்டு, அன்று காலை மகனிடம் தான் சொன்னதைச் சொன்னார்.