மார்கழியைத் தாண்டிய மிச்சர்

மார்கழி பதினாலு, விடியக்காலம் அஞ்சு மணி. மலை மேல ஒரு ஊர்ல நாப்பத்தோரு வீடு. அதுல ஒரே ஒரு வீட்டுல மட்டும் விளக்கு எரிஞ்சுது. அது வேலப்பன் வீடு. கேக்குறியா? ம் சொல்லணும், அப்பதான் கதை நடக்கும்.

ம்.

வேலப்பனுக்கு அறுவது வயசு. உருளைக்கிழங்கும் பூண்டும் போடுற ஆளு. சம்சாரம் பேரு வெள்ளத்தாயி. மக பிரசவத்துக்குன்னு அவ வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போயிருந்தா. வீட்டுல இருந்தது வேலப்பனும் ஒரு நாயும்தான். நாய் பேரு மிச்சர். குட்டியா இருந்தப்போ, வெள்ளத்தாயி கையில இருந்த மிச்சர் பொட்டலத்து வாசனைக்கு சந்தையில இருந்து வீடு வரைக்கும் பின்னாலயே வந்துருச்சு. அதான் அந்தப் பேரு.

கிளம்பும்போது வெள்ளத்தாயி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. தை அஞ்சாந்தேதி வருவேன், இப்ப இருக்குற மாதிரியே மிச்சர் எனக்கு வேணும்னு. வேலப்பன் சிரிச்சான். நாப்பது வருசமா பயிரக் காப்பாத்துறேன், ஒரு நாயக் காப்பாத்த மாட்டேனான்னு கேட்டான்.

ஆனா அவ பஸ் ஏறுன நாள்ல இருந்து மிச்சர் வாசப்படிய விட்டு நகரல. ரோட்டப் பாத்தே படுத்திருந்துச்சு. அந்தப் பதினாலாந்தேதி வேலப்பன் கதவத் திறந்து பாக்குறான், நாய் முதுகெல்லாம் வெள்ள வெளேர்னு உறைபனி. உப்பு தூவுன மாதிரி.

உறைபனி விழுந்தா என்ன பண்ணணும்னு அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வெயில் படுறதுக்கு முன்னாடி கிழங்குச் செடிக்குத் தண்ணி தெளிச்சுப் பனியக் கழுவிடணும். இல்லேன்னா இலை கருகிடும். வேலப்பன் நாப்பது வருசமா பண்ற வேலை. ஓடிப் போயி பூவாளியில தண்ணி மொண்டு வந்தான். நாய் மேல தெளிச்சான், சோ... சோ... சோ.

மிச்சர் எந்திரிச்சு உதறுச்சு, படபடபட. அப்புறம் நடுங்குச்சு, வெடவெடவெட. வேலப்பன், பனி போயிருச்சுன்னு திருப்தியா தோட்டத்துக்குப் போயிட்டான். மறுநாளும் தெளிச்சான். அதுக்கு மறுநாளும் தெளிச்சான். மூணாம் நாள் மிச்சர் உதறக்கூட இல்ல. சும்மா நின்னுச்சு.

ம்.

அப்புறம் அவன் யோசிச்சான். சரி, தண்ணி ஒத்துக்கல. விதைக்கிழங்க எப்படி வைப்போம்? குழி வெட்டி, தழை போட்டு, மேல மூடி வைப்போம். அதே மாதிரி தோட்டத்து ஓரத்துல முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டுனான். பச்சைத் தழைய அள்ளிப் போட்டான். மிச்சரத் தூக்கி உள்ள வச்சு, மேலயும் தழைய மூடுனான். மூஞ்சி மட்டும் வெளிய தெரிஞ்சுது.

அந்த வழியா பக்கத்துத் தோட்டத்துப் பொன்ராசு வந்தான். வேலப்பனுக்கு மருமகன் முறை. நின்னு நிதானமாப் பாத்தான்.

“மாமா, நாய நட்டிருக்கீங்களா? எத்தன நாள்ல முளைக்கும்?”

“உன் வேலையப் பாத்துட்டுப் போடா.”

“இல்ல, குட்டி காய்ச்சுதுன்னா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க.”

பொன்ராசு போயிட்டான். குழியில ஈரம் கீழ இருந்து ஏறுச்சு. ரெண்டு நாள் ஆச்சு. மிச்சர் இரும ஆரம்பிச்சுது, கொர்... கொர்... கொர். சோத்துச் சட்டியத் திரும்பிப் பாக்கல.

இருமல்னா அந்த ஊர்ல வேற மருந்தே கிடையாது, பூண்டுதான். பத்துப் பல்லத் தட்டி, சோத்துல பிசைஞ்சு, வாயத் திறந்து ஊட்டுனான். மிச்சர் ரெண்டு வாய் முழுங்குச்சு. உவ்வேன்னு கக்கிடுச்சு. அப்புறம் பக்கவாட்டுல சாஞ்சு படுத்துக்கிச்சு. தூங்கிட்டியா?

ம்... ம்.

சரி. வெள்ளத்தாயி தினமும் மத்தியானம் போன் பண்ணுவா. பேத்தி பொறந்துட்டா, நல்லா இருக்கான்னு முந்தின நாள்தான் சொல்லியிருந்தா. மிச்சர் எப்படியிருக்குன்னு கேப்பா. நல்லா இருக்குன்னு இவன் சொல்லிடுவான். பூண்டு ஊட்டுன அன்னைக்கு அவ, அது காதுல போன வைய்யின்னு சொன்னா. இவனும் வச்சான். மிச்சரு, மிச்சருன்னு அவ ரெண்டு தடவை கூப்பிட்டா. எப்பவும் அந்தக் குரல் கேட்டா வள்வள்னு வீடே அதிரும். அன்னைக்கு சத்தமே இல்ல. வால் மட்டும் ஒரு தடவை தரையில தட்டுச்சு. அது போன்ல கேக்காதுல்ல?

“என்னய்யா பண்ணுன?”ன்னு கேட்டா வெள்ளத்தாயி.

வேலப்பன் எல்லாத்தையும் சொல்லிட்டான். பூவாளியச் சொன்னான், குழியச் சொன்னான், பூண்டச் சொன்னான்.

“உன்னத் தலையோட தண்ணி ஊத்தி, துவட்டாம வாசல்ல படுக்கச் சொன்னா படுப்பியா? தூக்கிட்டுப் போய்யா டாக்டரம்மாகிட்ட.”

வேலப்பன் மிச்சர ஒரு சாக்குல சுத்தி, குழந்தையத் தூக்குற மாதிரி தோள்ல போட்டுக்கிட்டு மூணு மைல் நடந்தான். மாட்டாஸ்பத்திரியில ரோஸ்லின்னு ஒரு டாக்டரம்மா. ஊசி போட்டாங்க. பூண்டு, வெங்காயம் ரெண்டும் நாய்க்கு ஆகாது, ரத்தத்தக் கெடுக்கும், இனிமே காட்டக்கூடக் கூடாதுன்னாங்க. குளிர் காலத்துல மேல ஈரம் பட்டா உடனே துவட்டணும். தரையில படுக்க விடாம பலகை போட்டு, மேல சாக்கு விரிக்கணும், சாக்கு ஈரமானா மாத்தணும். குடிக்கிற தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். குளிருக்கு ஒடம்பு கூட வேலை செய்யும், அதனால சோறு ஒரு கை கூடப் போடணும். வெயில் ஏறுன பிறகு கொஞ்சம் நடக்க விடணும். பாதம் வெடிச்சிருக்கு, தேங்காயெண்ணெய் தடவணும். இவ்வளவும் சொல்லிட்டு, கடைசியா மெதுவாச் சொன்னாங்க.

“காத்தும் புகையும் இல்லாத எடத்துல வைங்க. மூணு நாள்ல தானாச் சாப்பிட்டா பொழைச்சுக்கும். சாப்பிடலேன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.”

ம் சொல்லு.

ம்.

வேலப்பன் வீட்டுல காத்துப் புகாத எடம் ஒண்ணுதான் இருந்துச்சு. அடுப்படி. ஆனா அங்கதான் அடுப்புக்கு மேல, பரண்ல, மாசியில நடுறதுக்கு விதைப் பூண்டு கட்டுக்கட்டாத் தொங்கும். தினமும் கீழ புகை போடணும். புகை இல்லேன்னா பூண்டு கெட்டுப் போகும். அதுவுமில்லாம, விதை தொங்குற எடத்துல நாய் கால் வச்சா விதை முளைக்காதுன்னு அந்த ஊர்ல பேச்சு. அதுல ரொம்பக் கண்டிப்பு வெள்ளத்தாயிதான். மிச்சர் அந்த அடுப்படி வாசல் நெலையத் தாண்டுனதே இல்ல.

வேலப்பன் நாயத் தோள்ல வச்சுக்கிட்டு நெலையில நின்னான். மேல பாத்தான். கீழ பாத்தான். யாருக்கும் போன் பண்ணல. மிச்சர இறக்கிப் படுக்க வச்சுட்டு, ஏணி போட்டு ஏறி, கட்டு கட்டா அத்தனையும் இறக்கி மாட்டுக் கொட்டாயில கொண்டு போய்த் தொங்கவிட்டான். அங்க பனி இறங்கும்னு அவனுக்கு நல்லாத் தெரியும். அப்புறம் காஞ்ச வெறகா ரெண்டே ரெண்டு வச்சுப் புகையில்லாம எரிச்சு, தணல் ஆறுனதும் பலகையப் போட்டான், சாக்க விரிச்சான். அவனும் பக்கத்துலயே கம்பளியப் போத்திப் படுத்தான்.

மொத நாள், மிச்சர் வெதுவெதுன்னு இருந்த தண்ணிய மட்டும் நக்குச்சு. சளப்.

ரெண்டாம் நாள், கஞ்சிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. வேலப்பனும் அன்னைக்குச் சாப்பிடல. பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கிட்டே உக்காந்திருந்தான்.

மூணாம் நாள் காலையில, அவன் தனக்குன்னு கேப்பக் களி கிண்டி ஆற வச்சிருந்தான். முட்டை ஒண்ணு அவிச்சு உரிச்சுக்கிட்டு இருந்தான். பின்னால சத்தம் கேட்டுச்சு. சளப், சளப், சளப். திரும்பிப் பாத்தா தட்டுல களி இல்ல. அடுத்ததா முட்டையப் பாத்துக்கிட்டு நின்னுச்சு மிச்சர். வேலப்பன் முட்டையக் குடுத்துட்டு, புறங்கையால கண்ணத் துடைச்சுக்கிட்டான்.

அப்புறம் தை அஞ்சாந்தேதி ரெண்டு மணி பஸ்ல வெள்ளத்தாயி வந்து இறங்குனா. மிச்சர் அவ மேல ஏறி இறங்கி, புடவையெல்லாம் மண்ணு. வீட்டுக்கு வந்து அடுப்படியப் பாத்தா. பரண் காலியா இருந்துச்சு, கீழ நாய்ப் பலகை கிடந்துச்சு. கொட்டாயிக்குப் போயி ஒவ்வொரு கட்டா அமுக்கிப் பாத்தா. நெறையக் கட்டு சொத சொதன்னு இருந்துச்சு. திரும்பி வந்து, அந்தச் சாக்கு ஈரமா இருக்கு, வேற மாத்துன்னு மட்டும் சொன்னா. வேலப்பன் மாத்துனான்.

மாசி பன்னெண்டாந்தேதி பூண்டு நட்டாங்க. நாலுல ஒரு பங்கு முளைக்கல. வெறுமையாக் கிடந்த அந்தப் பாத்தியில மிச்சர் வெயிலுக்குப் படுத்துக்கிச்சு.

ம் காணோமே. சரி, மிச்சர் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. போர்வைய இழுத்துக்கிட்டுத் தூங்கு.