இடது கையில் இருந்த சந்தனம்

பங்குனி உத்திரத்தன்று கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மரகதம் சொன்னது இது. அவள் மகள் பூவிழிக்கு சென்ட் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை.

அங்கே ஒரு மில் முதலாளியம்மா வந்தாராம். பூவிழி ஒரு சென்ட்டை அவர் இடது கையில் அடித்து, "முதல்ல எலுமிச்சை. அது பறந்ததும் அடியிலேர்ந்து சந்தனம் வரும்மா" என்றாள்.

"சீ, தரை கழுவுற தண்ணி! வேற காட்டுடி."

அரை மணி நேரம் பாட்டில் பாட்டிலாகக் காட்டினாள். கொண்டையைச் சரிசெய்யக் கை தூக்கிய முதலாளியம்மா சட்டென்று நின்றார். "ஆகா, சந்தனம்! எவளுக்கோ ஒளிச்சு வச்சிருக்கே. இப்ப எடுக்கலேன்னா உன் வேலை போயிடும்!"

கடைக்காரரும் பதறி ஓடி வந்தார்.

"ஒளிச்சு வச்சது நான் இல்லம்மா. உங்க இடது கைதான்" என்றாள் பூவிழி.

மோந்து பார்த்த அம்மா, தரை கழுவுற தண்ணியிலேயே இரண்டு பாட்டில் வாங்கிப் போனாராம்.

நீங்கள் அந்தக் கடைப் பக்கம் போனால், பூவிழிக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்கள்.