செம்பாயியின் பூசணிக்கொடி

அரசர்கள் வரியை நெல்லாக அளந்து வாங்கிய காலம் அது, கேளுங்கள். மார்கழியிலும் விசிறி தேடும் ஒரு ஊர். அந்த ஊரில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று வருஷம் ஒரு காய்கூடக் காய்க்காத மண், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போய்விடும். பொங்கலன்று மணியக்காரர் வீடு வீடாக வந்து பார்ப்பார்.

அந்த ஊரில் செம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு குடிசை, அதைச் சுற்றிக் கொஞ்சம் சுண்ணாம்பு மண், பேச்சுத் துணைக்குப் பஞ்சாரத்தில் ஒரு கோழி. முதல் வருஷம் கத்தரி நட்டாள், கருகியது. மறு வருஷம் வெண்டை நட்டாள், அதுவும் கருகியது. மூன்றாம் வருஷம் வேலியோரம் பூசணி விதை போட்டாள். இதுவும் போனால் குடிசையும் போச்சு. சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் தாண்டவராயன். மாடு கன்று என்று தொழுவம் பிதுங்குகிற ஆள். அந்தக் குடிசை இருக்கிற இடத்தில் இன்னொரு தொழுவம் போட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. செம்பாயி ஒருமுறை வாய்விட்டே கேட்டாள்.

“அண்ணே, மண்ணுக்குச் சத்தே இல்ல. ரெண்டு கூடை சாணி குடுங்களேன்.”

“என் மாட்டுச் சாணி இந்த வேலியைத் தாண்டாது, போம்மா” என்றான் தாண்டவராயன்.

பூசணி முளைத்து நாலு இலை விட்டது. விட்டதும் வந்தது சிவப்பு வண்டு. இலையெல்லாம் சல்லடை. செம்பாயி அழுது முடிப்பதற்குள், அடுத்த அடி விழுந்தது. விடிந்தும் விடியாத நேரம், இலையில் பனி ஈரம் காயவில்லை, வேலிக்கு மேலே இருந்து ஒரு முறம் அடுப்புச் சாம்பல் வந்து கொடியின் மேல் கொட்டியது.

“அடப்பாவி! சாம்பலைக் கொட்டிட்டாரே! என் செடி செத்துதே!” என்று நிஜமாகவே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகை தாண்டவராயனுக்குத் தேனாக இனித்தது. மறுநாளும் கொட்டினான், அதற்கு மறுநாளும் கொட்டினான். நாலாம் நாள் செம்பாயி பயந்து பயந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வண்டு இல்லை! ஈர இலையில் ஒட்டிய சாம்பல் பிடிக்காமல் அத்தனையும் பறந்துவிட்டிருந்தன.

செம்பாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வேலியைப் பார்த்தாள். பிறகு கோழியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பஞ்சாரத்தின் முன்னால் குந்திக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

“ஏடி கோழி, சாம்பலைக்கூடத் தாங்கிட்டேன்டி. ஆனா பழஞ்சாணி வாடை மட்டும் எனக்கு ஆகாதுடி. பச்சைச் சாணின்னாக்கூடப் பரவால்ல. குப்பைக்குழியில மக்கிக் கறுத்துப் போயிருக்கும் பாரு, அது பட்டா எனக்கு மூச்சே நின்னுடும்.”

வேலிக்குப் பின்னால் ஒரு காது நீண்டது. அவ்வளவுதான். தாண்டவராயன் தன் குப்பைக்குழியின் அடியாழம் வரை தோண்டினான். நன்றாக மக்கியது எது, இன்னும் மக்காதது எது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தான். முதுகு ஒடியக் கூடை கூடையாகச் சுமந்து, வேலிக்கு மேலே தூக்கிக் கொடியடியில் கொட்டினான். சொந்த வயலுக்குக்கூட அவன் இத்தனை அக்கறையாக எரு போட்டதில்லை, பாவம். செம்பாயி ஒவ்வொரு கூடைக்கும் மறக்காமல் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினாள். அவன் போன பிறகு மண்ணோடு கிளறி, வாய்க்காலில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

கொடி ஏறியது பாருங்கள், வேலியே தெரியவில்லை! ஆனால் பூத்ததெல்லாம் ஆண்பூ. பூவுக்கு அடியில் குட்டிக்காய் உட்கார்ந்திருந்தால்தானே அது பெண்பூ? ஒன்றுகூட இல்லை. ஐப்பசியும் பிறந்துவிட்டது. தாண்டவராயன் தன் மனைவியிடம், “இலைதான் மதமதன்னு இருக்கு, காய் எங்க?” என்று சிரிப்பது வேலி தாண்டிக் கேட்டது. செம்பாயி கொடி கொடியாகப் புரட்டிப் பார்த்தாள்.

அப்போது ஒன்றைக் கவனித்தாள். தரையில் ஓடிய ஒரு கொடியின் நுனியைக் கோழி என்றைக்கோ கொத்திவிட்டிருந்தது. அந்த இடத்தில் இரண்டு பக்கக்கிளை வெடித்திருந்தது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெண்பூ.

மற்ற நுனிகளை அவளே கிள்ளிவிடலாம். ஆனால் அவை முள்வேலிக்குள் புகுந்து படர்ந்திருந்தன, கையை விட்டால் கிழிந்துவிடும். தன் கை எதற்குக் கிழிய வேண்டும்?

“ஏடி கோழி, கொன்னுட்டியேடி என்னைய!” என்று கத்தினாள். “கொடிக்கு உசுரே நுனியிலதான இருக்கு! நல்லவேளை, ஒண்ணே ஒண்ணக் கொத்துனதோட விட்ட. எல்லா நுனியையும் எவனாச்சும் கிள்ளிப்புட்டா நான் எங்க போவேன்?”

மறுநாள் உச்சி வெயிலில் ஊர் உண்டு உறங்குகிற நேரம். தாண்டவராயன் முள்ளுக்குள் கையை விட்டு ஒரு நுனி விடாமல் கிள்ளினான். முழங்கை வரை கீறிக்கொண்டான். அந்த எரிச்சலிலும் அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

பொங்கல் வந்தது, மணியக்காரரும் வந்தார். வேலி முழுக்கப் பூசணி! ஒவ்வொன்றும் தவலை பருமன். பாரம் தாங்காமல் இரண்டு இடத்தில் வேலி சாய்ந்தே போயிருந்தது.

“சுண்ணாம்பு மண்ணாச்சே இது! எப்படிம்மா?” என்றார் மணியக்காரர்.

செம்பாயி தாண்டவராயனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“எல்லாம் எங்க அண்ணன் செஞ்சதுங்க. வண்டுக்குச் சாம்பல் போட்டாரு. நல்லா மக்குன எருவாப் பாத்துக் கொட்டுனாரு. நுனி கிள்ளிவிட்டாரு. நான் வேண்டாம் வேண்டாம்னு கதறுனேன், கேக்கவே இல்லீங்க. நம்பிக்கை இல்லன்னா அவரு கையப் பாருங்க, முள்ளு கிழிச்ச தழும்பு.”

ஊரே தாண்டவராயன் கையைப் பார்த்தது. அவன் வாய் திறந்தது. கெடுக்கத்தான் செய்தேன் என்று எப்படிச் சொல்வான்? மென்று முழுங்கி, அசடு வழிந்து, “ஆமா… பக்கத்து வீடுன்னா… ஒரு ஒத்தாசை…” என்றான்.

“இப்படி ஒரு மனுஷனா!” என்று மணியக்காரர் அவன் முதுகில் தட்டினார். “வருஷா வருஷம் இந்தக் கொடிக்கு எருப்போடுறது இவர் பொறுப்பு. ஊர் சாட்சி!”

மாட்டுச் சாணி அன்றைக்கு வேலியைத் தாண்டியதுதான், அப்புறம் நிற்கவே இல்லை.

மறுநாள் காலையில் செம்பாயி பஞ்சாரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். “ஏடி கோழி, எல்லாம் சரி. கூரைக்குப் புது ஓலை மட்டும் எவனாச்சும் வேஞ்சுட்டான்னா, நான் செத்தேன்டி” என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தாண்டவராயன் கை தானாக ஓலைக்கட்டை எடுத்துவிட்டது. பிறகு சட்டென்று கீழே போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான்.

இதில் இருந்து நாம் தெரிந்துகொள்வது: அடுத்தவர் கெட வேண்டும் என்று பாடுபடுகிறவன், கூலியில்லாமல் அவருக்கே வேலை செய்கிறான்.