கேமராவுக்குள் வந்த விருந்தாளிகள்

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கேமராக் கடை அது. கோயம்புத்தூர்க் கிளைக்கு மேனேஜர் தயாநிதி. தனிக்கட்டையான செண்பகவல்லி, போன வாரம் அங்கே வாங்கிய கேமராவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஷோகேஸ்ல வெச்சு ஆளாளுக்கு எடுத்துப் பார்த்த கேமராங்க. புதுசுன்னு என் தலையில கட்டிட்டீங்க. மாத்திக் குடுங்க."

"பார்த்துப் பேசுங்கம்மா! பிரிச்ச பெட்டியை நாங்க விக்கிறதே இல்ல. இதுல இருக்கிற முதல் படமே உங்க வீட்டுல எடுத்ததாத்தான் இருக்கும்" என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார் தயாநிதி.

"அப்படீங்களா?" என்று முதல் படத்தைக் காட்டினாள். அதில் முகமெல்லாம் கேக் அப்பிக்கொண்டு தயாநிதி சிரித்தார். சுற்றிலும் கடை ஆட்கள்.

"என் வீட்டுக்கு ஒருத்தரும் வர்றதில்லீங்க. நீங்க இத்தனை பேர் வந்து பொறந்தநாள் கொண்டாடியிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பியாவது போட்டிருப்பேனே!"

கடையே சிரித்தது. மேனேஜர் புதுப் பெட்டியை நீட்டினார்.

அந்தக் கேக் படத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் ஒரு வாரமாக அவள் சாப்பிட்டு வந்தாள். இன்றைக்கும் வீட்டில் தட்டுக்கு எதிரே புதுக் கேமராவை வைத்து ஆன் செய்தாள். அதில் ஒருத்தரும் இல்லை.